உப்பிட்ட ரகசியம்

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பினால், பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். முதல் வரியில் முருகன் பெயர், ஒட்டினாற்போல் ‘அட் த ரேட்’, அப்புறம் ஒன்று. அடுத்த வரியில் அதே முருகன், அதே அட் த ரேட், இரண்டு. இப்படியே இறங்கி வந்து, மேலே உள்ளவை எல்லாம் கோடு போட்டு அடிக்கப்பட்டு, கடைசியில் பதினான்கு மட்டும் நிற்கிறது. வருஷம் பிறந்து காலண்டர் மாறும்போது பட்டியலையும் புது அட்டைக்குப் பிரதியெடுத்துவிடுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பதிவேடு விஷயத்தில் சமரசம் கிடையாது.

அவருக்கு ஓய்வூதியம் வரும் வங்கி 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயம். அப்பா விதியை மீறாதவர். முருகனின் முதலெழுத்து பெரியது, மற்றவை சிறியவை, குறிக்கு அட் த ரேட், எண்ணுக்கு வரிசை எண். வங்கிக்கும் திருப்தி.

“இதுல என்னடா பாதுகாப்பு?” என்று ஒருநாள் கேட்டார். “பதிமூணைக் கண்டுபிடிச்சவனுக்குப் பதினாலைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?”

இதே கேள்வியை 2010இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். பயன்பாட்டிலிருந்து விலகிப்போன சுமார் 7,700 கணக்குகளின் பழைய பாஸ்வேர்டு வரிசைகளை எடுத்துக்கொண்டு, முந்தையது தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடியுமா என்று கணினியிடம் கொடுத்தார்கள். திருடிய பாஸ்வேர்டு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊகிக்கும் நிலையில், 41 சதவீதம் உடைந்தன. ஒன்றுக்கு ஆன நேரம் சராசரியாக 3 வினாடிக்கும் குறைவு. 17 சதவீதக் கணக்குகளுக்கு ஐந்து முயற்சிகூடத் தேவைப்படவில்லை. அமெரிக்க மாணவர்களும் முருகனுக்குப் பதில் வேறு யாரையோ வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த விதியை எழுதியது யார்? அவருக்குப் பெயர் உண்டு. பில் பர். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் மேலாளராக இருந்தவர். 2003இல் அரசு அலுவலகங்களுக்கான வழிகாட்டி ஒன்றை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. நிஜ மனிதர்கள் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்று பார்க்க, தன் நிறுவனத்துக் கணினிகளில் உள்ளவற்றையே கேட்டார். நிர்வாகிகள் பதறிப்போய் மறுத்துவிட்டார்கள். நியாயந்தான். தரவு கிடைக்காத நிலையில், 1980களில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நம்பி விதிகளை வகுத்தார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி, அவ்வப்போது மாற்றம். உலகம் முழுக்க அலுவலகங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. 2017இல், ஓய்வுபெற்ற பிறகு, 72 வயதில், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் தன் விதியைத் திருப்பிப் போட்டது: குறி, எண் என்று வற்புறுத்த வேண்டாம்; கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம்; 64 எழுத்து வரையாவது நீளமாக வைக்க இடம் கொடுங்கள்; ஏற்கெனவே வெளியே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

விதியைப் பிறப்பித்தவர்களே கைவிட்ட பிறகும், அப்பாவின் வங்கி கைவிடவில்லை. எங்கள் முருகன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கதையின் தொடக்கத்துக்குப் போனால், பாஸ்வேர்டு முதலில் திருடனுக்காக வந்ததே இல்லை. 1961இல் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஐபிஎம் கணினி ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி செய்து காட்டியது. கணினி ஒன்று, ஆட்கள் பலர். மாணவர் விடுதியில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்குவதுபோல, ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நோக்கம்.

அடுத்த ஆண்டே பூட்டு உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் கணினி ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. இன்ன கோப்பை அச்சிட்டுக் கொடு என்று துளையட்டை போட்டுவிட்டு வந்தால், இயந்திரம் இரவில் அச்சிட்டு வைத்துவிடும் ஒரு வசதி அங்கே இருந்தது. ஷெர், வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருடைய பாஸ்வேர்டும் உள்ள கோப்பின் பெயரை எழுதிப் போட்டார். சனிக்கிழமை காலை போய்த் தாளை எடுத்துக்கொண்டார். ஒரு சிக்கலான தந்திரமும் இல்லை, கேட்டார், கிடைத்தது.

1966இல் நடந்தது இன்னும் வேடிக்கை. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினார்கள். ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியை, மற்றவர் பாஸ்வேர்டு கோப்பை. திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும், வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில், அத்தனை பேரின் பாஸ்வேர்டும் முனையத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது.

இரண்டு சம்பவத்திலும் பாஸ்வேர்டு வைத்தவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தங்கள் சொல்லை எவ்வளவு கடினமாக வைத்திருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. கோளாறு, சொல்லை அப்படியே எழுதி வைத்திருந்த இடத்தில்.

எழுதி வைக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? இங்கேதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத ஒரு யோசனை வருகிறது. 1960களில் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதமும் அவருடைய சகாக்களும் கண்டது. வாயிற்காவலனுக்கு உங்கள் ரகசியச் சொல் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்னது சரியா தவறா என்று அவனால் சொல்ல முடியும்.

மாவரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியையும் உளுந்தையும் அரைத்து மாவாக்கலாம். மாவைத் திரும்ப அரிசியாக்க எந்தக் கிரைண்டராலும் ஆகாது. அதுபோல, எழுத்துகளைப் போட்டால் அரைத்து எண்குவியலாகக் கொடுக்கும் கணக்குகள் உண்டு. ஹேஷ் என்று பெயர். ஒரே சொல்லைப் போட்டால் எத்தனை முறையானாலும் ஒரே மாவு வரும். ஓர் எழுத்தை மாற்றினாலும் முற்றிலும் வேறு மாவு வரும். முருகன் பதிமூன்றின் மாவுக்கும் முருகன் பதினான்கின் மாவுக்கும் சொந்தபந்தமே தெரியாது. இன்னொரு விசேஷம், 8 எழுத்து போட்டாலும் 80 எழுத்து போட்டாலும் விழும் மாவின் அளவு ஒன்றேதான்.

நிறுவனம் மாவை மட்டும் எடுத்துவைத்தால் போதும். நீங்கள் வந்து சொல்லைத் தட்டும்போது அந்த நிமிஷமே அதை அரைத்து, வைத்திருக்கும் மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். அரிசி எங்கேயும் இருப்பில் இல்லை. அதனால்தான் ஒழுங்கான தளங்களில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால், புதிதாக வைத்துக்கொள் என்கிறார்கள். பழையதை அவர்களாலேயே சொல்ல முடியாது. உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் எதையாவது பார்த்தால், நன்றி சொல்லாதீர்கள். அரிசியை மூட்டையோடு திண்ணையில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாவைத் திருடினாலும் திருடனுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் தன் வீட்டில் அரைத்துப் பார்த்து, எந்த மாவு பொருந்துகிறது என்று தேடலாம். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸும் 1979இல் எழுதிய கட்டுரையில் இதைச் செய்துகாட்டினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம், ஒன்று மிகக் குட்டையானவை அல்லது அகராதியில் கிடைப்பவை. 15 பேர் ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

மனிதர்களைத் திருத்துவதைவிட மாவைத் திருத்துவது எளிது என்று இருவரும் யூனிக்ஸில் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்: ஒரே கணக்கை 25 சுற்று. ஒரு தடவை உள்ளே போகிறவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. லட்சக்கணக்கில் அரைக்க வேண்டிய திருடனுக்கு இடுப்பு ஒடியும். இரண்டாவதன் பெயர் உப்பு. உவமைக்காகச் சொல்லவில்லை, அவர்கள் வைத்த பெயரே சால்ட்தான். ஒவ்வொருவரின் சொல்லோடும் ஒரு சின்ன, தற்செயலான எண்ணைக் கலந்து அரைப்பது. அன்றைக்கு 4,096 வகை உப்பு. உங்களுக்கும் எனக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றாலும் உப்பு வேறு, ஆகவே மாவு வேறு. திருடன் அகராதி முழுவதையும் ஒருமுறை அரைத்து வைத்துக்கொண்டு எல்லார் கணக்கிலும் பயன்படுத்த முடியாது; ஒவ்வோர் உப்புக்கும் முதலிலிருந்து அரைக்க வேண்டும்.

இது நடந்தது 1979. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அதற்கும் முன்பே நமக்குத் தெரியும். ஆனாலும் 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த மாவில் உப்பு இல்லை. முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016இல், 11 கோடிக்கும் மேல் என்று தெரிந்தது. அதற்கு முன் 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அங்கே உப்பு மட்டுமல்ல, கிரைண்டரே இல்லை. அரிசி அரிசியாகவே இருந்தது. 2,90,731 பேர் 123456 என்று வைத்திருந்தது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பில் பர்ருக்கு 2003இல் கிடைக்காத தரவு, ஆறு வருஷம் கழித்து, திருடர் கைவழியாக எல்லாருக்கும் கிடைத்தது.

இந்த 123456 ஆசாமிகளைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்கள் பாஸ்வேர்டு எத்தனை குறிகளோடு இருந்திருந்தாலும் அன்றைக்குக் கசிந்துதான் இருக்கும். கடைக்காரர் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு, வாடிக்கையாளரைப் பார்த்து உங்கள் மணிபர்ஸில் இன்னொரு ஜிப் வையுங்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது இந்த விதி.

அந்த ஜிப்பின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆங்கில விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து 95. எட்டு இடத்தில் அவற்றை எப்படி வேண்டுமானாலும் நிரப்பினால் சுமார் 66 கோடி கோடி வகை. பெரிய எண்தான். இப்போது குறியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், வெறும் 26 சிறிய எழுத்துகளே போதும் என்று சொல்லிவிட்டு, இடத்தை மட்டும் பதினாறாக்கினால்? முன்னதைவிடச் சுமார் 65 லட்சம் மடங்கு வகைகள் கிடைக்கின்றன. நீளம் பெருக்கிக்கொண்டே போகும். குறி கொஞ்சம் கூட்டிவிட்டு நின்றுவிடும். அந்தக் கூட்டலும் காகிதத்தில்தான். நடைமுறையில் பெரிய எழுத்து முதலிலும், எண் கடைசியிலும், குறி அதை ஒட்டியும்தான் வருகிறது என்று திருடனுக்குத் தெரியும். அப்பாவின் முருகனைப் பார்த்தால் எனக்கும் தெரியும்.

ஒரு நிபந்தனை: அந்த 16 எழுத்தும் தற்செயலாக விழுந்திருக்க வேண்டும். அது மனித மூளைக்கு வராது. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் இதற்குப் பகடையைக் கையில் கொடுத்தார். ஐந்து பகடை உருட்டினால் 7,776 விதமாக விழும். 7,776 சின்னச் சொற்களுக்கு எண் போட்டு ஒரு பட்டியல். உருட்டி விழுந்த எண்ணுக்கு உரிய சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து சொல் சேர்ந்தால், குறிகளோடு கூடிய அந்த 66 கோடி கோடியைப்போல 4,000 மடங்குக்கு மேல் வந்துவிடும். நினைவில் வைப்பதும் சுலபம், சொற்கள் அல்லவா.

நம் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்ததா என்று பார்க்கவும் ஓர் அழகான வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் பவ்ண்ட்’ சேவையில், கசிந்த கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளின் மாவு இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதற்கு நம் பாஸ்வேர்டை அவரிடம் சொல்லியாக வேண்டுமே? வேண்டியதில்லை. மருந்துக் கடையில் இன்ன மருந்து என்று கேட்டால் என்ன நோய் என்று தெரிந்துபோகும். அந்த அலமாரித் தட்டில் இருப்பதை எல்லாம் கொடுங்கள் என்று வாங்கிவந்து, வீட்டில் நம்முடையதைத் தேடிக்கொண்டால்? அதையேதான் இதில் செய்கிறார்கள். நம் கணினியே பாஸ்வேர்டை அரைக்கிறது. வரும் மாவு 40 இலக்கம். அதில் முதல் 5 இலக்கத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான மாவுகளின் பட்டியல் திரும்பி வருகிறது. மிச்சம் 35 இலக்கத்தை நாம் நம் வீட்டில் ஒப்பிட்டுக்கொள்கிறோம். நாம் எதைத் தேடினோம், கிடைத்ததா இல்லையா எதுவும் பதில் சொன்னவருக்குத் தெரியாது.

இவ்வளவு நுட்பம் உள்ள உலகத்தில், ‘உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?’ என்ற பாதுகாப்புக் கேள்வியும் இருக்கிறது. அம்மாவுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் இனிஷியல், பின்பு அப்பாவின் இனிஷியல். அந்த ஓர் எழுத்தைத் தட்டினால், குறைந்தது மூன்றெழுத்து வேண்டும் என்கிறது பெட்டி. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தது இப்படியொரு கேள்வியின் வழியாகத்தான். கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்பது கேள்வி. விடை, பத்திரிகைகளில் வந்த அவர் படித்த பள்ளி.

அப்பாவின் காலண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதி வைக்காதே என்று எல்லா வங்கியும் சொல்கிறது. எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்திருக்கும் திருடனால் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்க முடியாது. பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005இலேயே, நல்ல பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற போகிறவர்களை நம்பலாம் என்றால் காலண்டரில் தப்பில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

பாஸ்கீ என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதில் நிறுவனத்திடம் ரகசியம் எதுவும் இருக்காது. சாவி நம் கைபேசிக்குள்ளேயே, கையெழுத்து மட்டும் வெளியே போகும். திருட மாவுகூட இல்லை. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதைப் பரப்புவதாக அறிவித்தன. நல்ல யோசனை. கைபேசி கிணற்றில் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து அப்பாவை இன்னும் நகர்த்த முடியவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது தாம்சன் கதை. பழைய யூனிக்ஸ் நிரல் தொகுப்பு ஒன்றில், அதை உருவாக்கியவர்களின் பாஸ்வேர்டு மாவுகளும் தவறுதலாகச் சேர்ந்து கிடந்தன. பல ஆண்டுகள் கழித்து ஆர்வலர்கள் அவற்றை உடைக்க உட்கார்ந்தார்கள். சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சி தன் நடுப்பெயரைச் சுருக்கி வைத்திருந்தார். ஸ்டீபன் போர்ன் தன் பெயரையே வைத்திருந்தார். கென் தாம்சனுடையது மட்டும் மசியவில்லை. சின்ன எழுத்துகளை எல்லாம் அரைத்துப் பார்த்தும் பொருந்தவில்லை. 2019 அக்டோபரில் ஒருவர், கணினி விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றை, வினாடிக்கு ஏறத்தாழ 93 கோடி ஊகம் என்ற வேகத்தில் நான்கு நாளுக்கும் மேலாக ஓடவிட்டு, அந்த எட்டு இடத்தையும் கண்டுபிடித்தார்: பி, சாய்கோடு, க்யூ2, சிறுகோடு, க்யூ4, ஆச்சரியக்குறி.

பழைய சதுரங்கக் குறிப்பு முறை தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்து. தொடக்க ஆட்டம். ஆச்சரியக்குறிக்குச் சதுரங்கத்தில் ‘அருமையான நகர்த்தல்’ என்று பொருள். தாம்சன் சதுரங்கப் பித்தர். பெல் என்ற சதுரங்க இயந்திரத்தைக் கட்டியவர்களில் ஒருவர். பாஸ்வேர்டின் பலவீனத்தை உலகத்துக்கு எண்ணிக் காட்டியவரும், தனக்கென்று வைக்கும்போது மனசுக்குப் பிடித்ததைத்தான் வைத்திருந்தார். செய்தி அவருக்கு எட்டியபோது ஒரே சொல்லில் வாழ்த்துச் சொன்னார்.

“அவருக்குச் சிப்பாய், எனக்கு முருகன்” என்றார் அப்பா.

போன வாரம் மறுபடியும் 90 நாள் முடிந்தது. இந்த முறை முறையாகச் செய்வோம் என்று நான் பகடை தேடினேன். பகடை கிடைக்கவில்லை. அப்பா தடிமனான தமிழ் அகராதியை எடுத்து மடியில் வைத்தார். திருமுறையில் கயிறு சார்த்திப் பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூலை நுழைத்தார். ஐந்து தடவை. தாழை, கழுதை, முறம், வெந்தயம், ஆணி.

“தாழம்புதர்ல கழுதை, முறத்துல வெந்தயம், நடுவுல ஒரு ஆணி” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்குமே இன்னும் மறக்கவில்லை. ஐந்தையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், ஒற்றை விரலால் தட்டி முடித்து, சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினார்.

சிவப்பில் இரண்டு வரி வந்தது. பாஸ்வேர்டு 12 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எண் ஒன்றும் குறி ஒன்றும் கட்டாயம்.

“ஏன்டா, எவ்வளவு போட்டாலும் மாவு ஒரே அளவுதான் வரும்னு சொன்னியே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து போய், காலண்டரைத் திருப்பி, பதினான்கின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.